தும்பையைத் தேடி எங்கே போவது?

கேள்வி: தும்பைச் செடி இயற்கையாக எங்கே வளர்கிறது? எப்படி அடையாளம் காண்பது?

பதில்: தும்பைக்குக் காடு மலையெல்லாம் தேவையில்லை. வயல் வரப்பு, தரிசு நிலம், சாலையோரம், இடிந்த குட்டிச்சுவர் ஓரம் என்று வெயில் நன்றாக விழும் இடமே போதும். மழை பெய்ததும் முளைக்கும். பூத்து, விதை உதிர்த்து, ஓராண்டுக்குள் காய்ந்துவிடும். அடுத்த மழைக்கு அந்த விதைகள் காத்திருக்கும்.

தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டையாக இருக்கும். துளசி குடும்பத்துச் செடிகளின் பொதுவான அடையாளம் அது. கணுக்களில் பச்சை உருண்டைகள். அவற்றிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளைப் பூவுக்கு இரண்டு உதடுகள். அகன்ற கீழுதட்டில் தேனீ வந்து அமர்ந்து தேனுக்குத் தலையை நுழைக்கும்போது, மேலுதட்டுக்குள் மறைந்திருக்கும் மகரந்தம் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தேனின் ருசி கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும்; பூவைப் பறித்து அடிப்பக்கத்தை உறிஞ்சுவார்கள்.

வெளுத்த வேட்டியைத் 'தும்பைப்பூ மாதிரி' என்கிறோம். தொல்காப்பியமோ நேருக்கு நேர் நின்று பொருதும் போருக்கே 'தும்பைத் திணை' என்று பெயர் வைத்திருக்கிறது.

வரப்பில் களைக்கொல்லி அடிக்கும்போது இந்தச் செடியும் கருகுகிறது. தேனீக்களும் ஒரு பந்தியை இழக்கின்றன. ஓர் ஓரத்தையாவது தும்பைக்கு விட்டுவைக்கலாம்.