பிள்ளையைப் போலீஸ் பிடித்துவிட்டால்: பினாங்குத் தண்ணீர்மலைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2009 ஜனவரி 20ஆம் தேதி, சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் அ. குகன் இறந்துபோனார். கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் நம்பவில்லை. சவக்கிடங்கில் உடலைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மறுபரிசோதனை நடந்தது. அடிமேல் அடி விழுந்து தசைகள் சிதைந்து, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார் என்று அது சொன்னது.

அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் நுரையீரல் நீரோடு கோப்பை மூடியிருப்பார்கள் என்றே நம்புகிறேன். நீதிபதி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் முன் வைக்கப்படுவதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். அதில் பெரும்பகுதி முதல் சில நாள்களிலேயே கிடைக்கும், அல்லது கைநழுவிப் போகும். பையன் தப்பு செய்தானா இல்லையா என்பது வேறு வழக்கு. திருடியவனையும் அடிக்கச் சட்டம் போலீஸுக்கு அனுமதி தரவில்லை.

படி 1: நேரத்தைக் குறியுங்கள்

மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் 555 நோட்டு போதும். பிடித்த தேதி, மணி, இடம், வந்த வண்டியின் எண், அதிகாரியின் பெயர். பையன் நல்லபடியாக நடந்து வண்டியில் ஏறினானா, உடம்பில் அப்போது காயம் இருந்ததா, தினமும் என்ன மருந்து சாப்பிடுகிறான் என்பதையும் எழுதுங்கள். பார்த்தவர்களின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மணி ஏன் முக்கியம்? கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதிப்படி, பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் அதில் சேராது. என்ன காரணத்துக்காகப் பிடித்தார்கள் என்றும் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர்மலைப் பையன் என்றால் முதலில் ஜாலான் பத்தானியில் உள்ள வடகிழக்கு மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் கேளுங்கள். ஆனால் பிடித்தவர்கள் வேறு மாவட்டத்துக்காரர்களாகவும் இருக்கலாம். எந்த நிலையம் (பாலாய்), விசாரணை அதிகாரி யார் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும்வரை அங்கிருந்து நகர வேண்டாம். குரலை உயர்த்தாமல் கேளுங்கள். உள்ளே இருப்பவனுக்கு அதுதான் நல்லது.

படி 2: வழக்கறிஞரை அன்றைக்கே தேடுங்கள்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி, விசாரணை தொடங்குவதற்கு முன்பே உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அனுமதிக்க வேண்டும். கூட்டாளி தப்பிவிடுவான், தடயம் அழிக்கப்படும், மற்றவர்களுக்கு ஆபத்து என்று மூத்த அதிகாரி கருதினால் மறுக்கலாம். அப்படி மறுத்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

காசு இல்லை என்று தயங்க வேண்டாம். தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களில் குடிமக்களுக்கு இலவசமாக வருவார்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பெயரும் அடையாள அட்டையும் கொடுக்க வேண்டும். ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

படி 3: ரிமாண்ட் அன்று வாயைத் திறக்கச் சொல்லுங்கள்

பல குடும்பங்கள் கோட்டைவிடும் இடம் இது. 24 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கப் போலீஸ் மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி கேட்கும் ரிமாண்ட் விசாரணையைச் சடங்கு என்று நினைத்துவிடுகிறார்கள். பிடிபட்டவன் போலீஸ் பிடியை விட்டு வெளியாள் ஒருவரின் கண்ணில் படுவது அந்தச் சில நிமிடங்களில்தான்.

14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு 7, மறுபடி 7. போலீஸ் கேட்டதையெல்லாம் மாஜிஸ்திரேட் கொடுத்தாக வேண்டியதில்லை. பிடிபட்டவனோ அவன் வழக்கறிஞரோ பேச 117ஆவது பிரிவு இடம் தருகிறது.

அடி விழுந்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும்: "துவான், சாயா கெனா பூக்குல்" (ஐயா, என்னை அடித்தார்கள்). சட்டையை விலக்கிக் காயத்தைக் காட்ட வேண்டும். மலாய் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மாஜிஸ்திரேட் அதைக் குறித்துக்கொண்டாரா என்று வழக்கறிஞர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகும் அசரக் கூடாது. 2017 பிப்ரவரியில் கிள்ளானில் எஸ். பாலமுருகனைப் பார்த்த மாஜிஸ்திரேட் ரிமாண்ட் தர மறுத்து, அவரை விடுவித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆனால் அவரைத் திரும்பவும் போலீஸ் நிலையத்துக்கே கொண்டுபோனார்கள். அன்றிரவே இறந்தார். சரியான உத்தரவு கிடைத்தும் ஓர் உயிர் போனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது. விடுதலை உத்தரவு வந்தால் பிள்ளை உங்கள் கைக்கு வரும்வரை வாசலை விட்டு நகராதீர்கள்.

படி 4: வெளியே வந்ததும் மருத்துவர், பிறகு புகார்

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். நேரே ஜாலான் ரெசிடென்சி பொது மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே, எப்போது, எதனால் அடித்தார்கள் என்று மருத்துவரிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். காயங்களைக் கிட்டேயும் தள்ளி நின்றும் படம் எடுங்கள்.

அடித்த நிலையத்திலேயே புகார் கொடுக்க வேண்டியதில்லை. எங்கே நடந்த குற்றமானாலும் எந்த நிலையமும் புகாரை வாங்க வேண்டும். நகல் கையில் வராமல் வெளியேறாதீர்கள். நான்கு வாரம் கழித்து, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 107ஏ பிரிவின்கீழ் எழுதிக் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

படி 5: மேலே யாரிடம் போவது

போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் நேர்மைத் துறை, மனித உரிமை ஆணையமான சுஹாகாம், 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம். மூன்றுக்கும் ஒரே புகாரின் நகலை அனுப்பலாம். போலீஸ் நடத்தை ஆணையத்திடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்க வேண்டாம். 2005இல் போலீஸ் பற்றிய அரச விசாரணை ஆணையம் தந்த 125 பரிந்துரைகளில் பல்லுள்ள ஒரு கண்காணிப்பு ஆணையமும் இருந்தது. பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு வந்தது அதைவிட வலுவிழந்த அமைப்பு. தானே தண்டிக்க அதற்கு அதிகாரமில்லை. இருந்தாலும் எழுதுங்கள். புகார் எண் ஒன்று பதிவாகும்.

படி 6: உயிரே போய்விட்டால்

எழுதவே கை வரவில்லை. காவலில் மரணம் என்றால் மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், மரண விசாரணை நடக்க வேண்டும் என்கிறது 334ஆவது பிரிவு. குடும்பம் வழக்கறிஞரோடு அதில் கலந்துகொள்ளலாம்.

அதற்கு முன் ஒரு கடினமான முடிவு எடுக்க வேண்டியிருக்கும். நம் வழக்கப்படி மறுநாளே தகனம் செய்துவிடுவோம். பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள், உடலைக் காக்க வைப்பது பாவம் என்பார்கள். தகனம் முடிந்தால் மறுபரிசோதனைக்கு வழியே இல்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் சந்தேகம் இருந்தால் சடங்கைத் தள்ளிவைத்து, வழக்கறிஞர் மூலம் இரண்டாவது பரிசோதனைக்குக் கேளுங்கள். குகனின் குடும்பம் அந்த வேதனையைத் தாங்கிக்கொண்டது.

படி 7: 36 மாதம்

அரசாங்கத்தின்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட, 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான் அவகாசம். குகனின் தாயார் ந. இந்திரா தொடுத்த வழக்கில் 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் 801,700 ரிங்கிட் வழங்கத் தீர்ப்பளித்தது. குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். குகன் சாவில் குற்றம் சாட்டப்பட்ட ஒரே காவலருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது 2012 நடுவில்தான். அதுவரை அந்தத் தாய் பொறுத்திருந்தால் காலக்கெடு கடந்துபோயிருக்கும்.