பில் போடும் கம்ப்யூட்டர் திடீரென மந்தமானால்



ஒரு சித்திரை மாதம், எங்கள் அருப்புக்கோட்டைக் கடையில் காலையில் சுறுசுறுப்பாக பில் போட்ட கம்ப்யூட்டர், பகல் 12 மணிக்கு மேல் ஒரு பில்லுக்கு மூன்று நிமிடம் எடுக்க ஆரம்பித்தது. திருச்சுழிப் பக்கத்து வியாபாரிகள் சரக்கைக் கட்டி வைத்துக்கொண்டு நின்றார்கள். "அண்ணாச்சி, துண்டுச் சீட்டிலாவது எழுதிக் குடுங்க, பஸ் போயிரும்" என்றார் ஒருவர். பார்க்க வந்த மெக்கானிக், புதிது வாங்கச் சொன்னார்.

காலையில் வேகம், வெயிலில் மந்தம் என்பதுதான் துப்பு. பெட்டியைக் கழற்றினால், விசிறியில் மல்லித் தூசும் கரிசல் புழுதியும் சாக்கு நாரும் அடையாக அப்பியிருந்தன. பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், கெட்டுவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின் இணைப்பைப் பிடுங்கி, பெட்டியை வெளியே கொண்டுபோய் புளோயரால் ஊதினோம். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சாயங்காலமே பழைய வேகம் வந்துவிட்டது.

எல்லா மந்தமும் தூசியால் வருவதில்லை. காலை, மாலை எந்நேரமும் மந்தம், ஃபைல் திறக்கையில் அப்படியே உறைந்து நிற்கிறது, உள்ளே 'டக் டக்' என்று சத்தம் என்றால் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடக்கலாம். கெட்டுப்போன இடத்தையே அது திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பதால்தான் தாமதம். அப்போது வைரஸ் தேடுகிறேன், சுத்தம் செய்கிறேன் என்று இரவு முழுக்க ஓட்டாதீர்கள். மிச்ச உயிரும் போய்விடும். முதல் வேலை, கணக்கை வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுப்பது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும். இயந்திரத்தைக் கடையில் வாங்கலாம். ஆறு வருஷத்துப் பற்று வரவை எங்கே போய் வாங்குவது?

டிஸ்க் நலமாக இருந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று சதவீதம் தெரியும். டிஸ்க் மட்டும் 100-லேயே நின்றால், பெரும்பாலும் பின்னணியில் விண்டோஸ் அப்டேட்டோ ஆன்டிவைரஸோ ஓடும். அரை மணி பொறுத்துப் பாருங்கள். தினமும் இதே கதை என்றால், பழைய சுழலும் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள். மெமரி நிரம்பி வழிந்தால் ரேம் கூட்டலாம். பெயர் தெரியாத ஏதோ ஒன்று எந்நேரமும் சி.பி.யு.வை விழுங்கினால் வைரஸாக இருக்கலாம். முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். டேலி மட்டும் மந்தம், மற்றதெல்லாம் சரி என்றால், பல வருஷக் கணக்கு ஒரே கம்பெனியில் பெருத்திருக்கும். பேக்கப் எடுத்தபின் வருஷவாரியாகப் பிரிக்கலாம். பழையதை அழிக்க வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அது பாதுகாப்புக்குக் கவலைப்பட வேண்டிய விஷயம். அதனால்தான் வேகம் குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கள் கம்ப்யூட்டர் மேசையை, மல்லிச் சாக்கு அவிழ்க்கும் இடத்திலிருந்து உள் அறைக்கு மாற்றிவிட்டோம். பேக்கப் டிஸ்க் இரவில் என்னோடு வீட்டுக்கு வருகிறது.