பாரந்தூக்கும் ஜாக்கி: அதனைத் தெரிதலும் பேணலும்

ஊன்றி நிற்க ஓரிடமும் போதிய நீளமுள்ள நெம்புகோலும் கிடைப்பின் இப்பூவுலகையே அசைத்துக் காட்டலாம் என்று கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கூறினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதனைக் கேட்போர் பெரும்பாலும் நெம்புகோலையே நினைவிற் கொள்வர். நிற்க இடம் வேண்டுமென்று அவர் கேட்டதை மறந்துவிடுவர். தார்ச்சாலையிற் செல்லும் மோட்டார் வண்டியைத் தூக்குவோர்க்கு அம்மறதியால் பெரிதும் கேடில்லை. மணலிலும் சேற்றிலும் பாறையிலும் செல்லும் வண்டியைத் தூக்குவோர்க்கோ அம்மறதி உயிர்க்கே உலைவைக்கும்.

1941-இல் போர்க்களத்திற்கென ஜீப்பும், 1948-இல் உழவர்க்கென லாண்டு ரோவரும் தோன்றிய பின், பாதையில்லாத நிலத்திலும் மனிதன் பரவலாக வண்டியோட்டத் தொடங்கினான். நம் மாணவருட் சிலர் நாளை நிலநூல் ஆராய்ச்சியாளராகவோ வனத்துறை அலுவலராகவோ அத்தகைய வண்டிகளிற் செல்லக்கூடும். ஆதலின் அவ்வண்டிகளைத் தூக்கும் ஜாக்கியைப் பற்றிச் சில கூறுவாம்.

1. காட்டுநிலத்தின் இயல்பு

காட்டுநிலத்தில் ஜாக்கிக்கு இடையூறுகள் இரண்டு. முதலாவது உயரம். இவ்வண்டிகளின் அடிப்பாகம் நிலத்தினின்றும் மிக உயர்ந்திருக்கும். ஸ்பிரிங்குகளும் நெடுந்தூரம் நீளும் இயல்பின. வண்டியின் சட்டத்தைத் தூக்கினால் முதலில் ஸ்பிரிங் நீளும். சட்டம் உயர்ந்துகொண்டே போக, சக்கரமோ நிலத்தை விடாது. சக்கரம் பூட்டிய அச்சின்கீழ் ஜாக்கியை வைத்துத் தூக்கினாலோ, சிறிது உயர்த்திய அளவிலேயே சக்கரம் எழும். எனவே அச்சைத் தூக்கும் ஜாக்கி குட்டையாயினும் போதும். சட்டத்தையோ பம்பரையோ தூக்குவது நெடியதாதல் வேண்டும்.

இரண்டாவது இடையூறு நிலத்தின் மென்மை. இதனை ஒரு கணக்கால் விளக்குவாம். 1,800 கிலோ எடையுள்ள வண்டியின் முன்பாகத்தைத் தூக்கும்போது ஏறத்தாழ 900 கிலோ பாரம் ஜாக்கியின்மேல் விழுகின்றதெனக் கொள்வோம். ஜாக்கியின் அடித்தகடு 18 செண்டிமீட்டர் நீளமும் 10 செண்டிமீட்டர் அகலமும் உடையதாயின் பரப்பு 180 சதுர செண்டிமீட்டர். அப்பொழுது ஒவ்வொரு சதுர செண்டிமீட்டர் நிலத்தின்மீதும் 5 கிலோ அழுத்துகின்றது. டயரின் காற்றழுத்தமோ பொதுவாகச் சதுர செண்டிமீட்டருக்கு 2 கிலோ அளவினது. டயர் நிலத்தை அழுத்துவதும் ஏறத்தாழ அவ்வளவே. 2 கிலோவைத் தாங்காது சக்கரத்தை விழுங்கிய மணல் 5 கிலோவைத் தாங்குமோ? பக்கமொன்றுக்கு 30 செண்டிமீட்டருள்ள தடித்த பலகையை அடியிலிட்டால் பரப்பு 900 ஆகி, அழுத்தம் 1 கிலோவாகக் குறையும். ஜாக்கி வாங்குவோர் பலகையையும் உடன் வாங்குக. பலகையின்றேல் ஜாக்கியே மணலுட் புகும்.

2. ஜாக்கியின் வகைகள்

திருகு ஜாக்கி: திருகின் ஒரு சுற்று மேடு 3 மில்லிமீட்டராகவும், கைப்பிடி சுழலும் வட்டத்தின் ஆரம் 20 செண்டிமீட்டராகவும் இருப்பின், கை ஏறத்தாழ 1,257 மில்லிமீட்டர் செல்ல, பாரம் 3 மில்லிமீட்டரே உயரும். கணக்குப்படி விசை நானூறு மடங்கிற்குமேல் பெருக வேண்டும். ஆயினும் அதிற் பாதிக்குமேல் உராய்வில் வீணாகின்றது. இவ்வீண் செலவே இதன் காவலுமாம். கையை எடுத்த பின்னும் திருகு தானே பின்வாங்காதிருப்பது அவ்வுராய்வினாலன்றோ? ஆயினும் வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கிக்கு உயரமும் குறைவு, அடியும் சிறிது.

எண்ணெய் ஜாக்கி: அடைபட்ட திரவத்தின் ஓரிடத்துச் செலுத்திய அழுத்தம் எப்பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதியே இதன் அடிப்படை. அவ்விதியைக் கொண்டு 1795-இல் ஜோசப் பிராமா நீரழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். 1851-இல் ரிச்சர்டு டட்ஜன் எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கியை அமைத்தார். சிறு பிஸ்டனின் விட்டம் 1 செண்டிமீட்டரும் பெரியதன் விட்டம் 4 செண்டிமீட்டருமாயின் விசை 16 மடங்காகும். கைப்பிடியின் நெம்புகோற் பயன் அதனை மேலும் பெருக்கும். அச்சின்கீழ் வைத்துச் சக்கரம் மாற்றுதற்கு இது மிக ஏற்றது.

நெடுஞ்சட்ட ஜாக்கி: துளைகள் நிறைந்த நெடிய எஃகுச் சட்டத்தில் இரு முளைகள் மாறிமாறிப் புகுந்து, மரமேறுவோன் கைகால்களைப் போலப் பாரத்தை ஏற்றும். அமெரிக்க நாட்டு இந்தியானா மாநிலத்துப் புளூம்பீல்டு ஊரில் 1905 முதல் செய்யப்பட்ட ஹை-லிப்ட் ஜாக்கி இவ்வகையிற் புகழ்பெற்றது. மிக உயரத் தூக்க இதுவே வல்லது. பேராபத்து உடையதும் இதுவே. குறுகிய அடியின்மேல் நெட்டென நிற்பதால் எளிதிற் சாயும். இறக்கும்பொழுது பாரமே கைப்பிடியை மேல்நோக்கி உதைக்கும். பிடி நழுவின் தாடையெலும்பு முறியும். ஆகவே தலையைக் கைப்பிடியின் வழியில் நீட்டாது இரு கைகளாலும் பற்றுக. இக்காலத்துப் பல வண்டிகளின் பிளாஸ்டிக் பம்பர் இதற்குத் தாங்காது; உறுதியான எஃகுப் பிடிப்பிடம் உள்ள வண்டிக்கே இது பயன்படும்.

காற்றுப்பை ஜாக்கி: 60 செண்டிமீட்டர் விட்டமுள்ள பையின் பரப்பு ஏறத்தாழ 2,800 சதுர செண்டிமீட்டர். அரைக் கிலோ அழுத்தமே கணக்குப்படி 1,400 கிலோவைத் தாங்கும். பை உருண்டு எழ எழ அவ்வலி குறையும். மணலுக்கும் சேற்றுக்கும் இது சிறந்தது. கூரிய கல்லும் சூடேறிய புகைக்குழாயும் இதற்குப் பகை.

3. தெரியும் முறை

வாங்குமுன் ஆராய வேண்டுவன நான்கு. ஏற்றிய சுமையோடு வண்டியின் எடை எவ்வளவு? தூக்குமிடம் நிலத்தினின்றும் எவ்வளவு உயரம்? டயர் காற்றிழந்து அச்சுத் தாழ்ந்தபொழுதும் ஜாக்கி அதன்கீழ் நுழையுமா? செல்லும் நிலம் கல்லா, மணலா? இவற்றிற்கு விடை கண்டபின் விலையைப் பார்க்க. பாறை நிலத்திற் சக்கரம் மாற்றுவோர்க்கு எண்ணெய் ஜாக்கி போதும். மணலிற் புதைந்த வண்டியை எழுப்பிச் சக்கரத்தின்கீழ்ப் பலகையோ கல்லோ இடுவோர்க்குக் காற்றுப்பையோ நெடுஞ்சட்ட ஜாக்கியோ வேண்டும். பிறர் வைத்திருப்பதைப் பார்த்து வாங்குதல் பிறர் மூக்குக்கண்ணாடியை அணிதல் போலும்.

4. பேணும் முறை

நெடுஞ்சட்ட ஜாக்கியின் முளைகளிற் புழுதி அடையின் அவை துளையில் முழுதும் புகா. பாதி புகுந்த முளை பாரத்தை நழுவவிடும். ஆதலின் பயணந்தோறும் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் சில துளி இடுக. தடித்த கிரீஸ் புழுதியை ஈர்க்குமாகலின் ஆகாது. அளவு மீறிய பாரத்தில் தான் முறிந்து எச்சரிக்கும் ஆணி சில ஜாக்கிகளில் உண்டு. அது முறிந்தால் அதனினும் வலிய ஆணியை இடுதல் காவலனைக் கட்டிப்போடுதற்கு ஒப்பாகும்.

எண்ணெய் ஜாக்கியைத் தண்டு முழுதும் உள்ளிறங்கிய நிலையில் நிமிர்த்தி வைக்க. வெளிநிற்கும் தண்டு துருப்பிடித்து அடைப்பு வளையங்களை அறுக்கும். உரிய எண்ணெயையே ஊற்றுக. பிரேக் எண்ணெயை ஊற்றின் ரப்பர் வளையங்கள் கெடும். காற்றுப் புகுந்து தண்டு துவளுமாயின், பாரமின்றித் திறப்புத் திருகைத் தளர்த்திச் சில முறை அடிக்கக் காற்று நீங்கும். திருகு ஜாக்கியின் புரிகளைத் துடைத்துச் சிறிது கிரீஸ் இடுக. வளைந்த கைகளை நிமிர்த்திப் பயன்படுத்தாது ஒதுக்குக. காற்றுப்பையைக் கழுவி நிழலில் உலர்த்தி மடிக்க. எதுவாயினும் ஆண்டுக்கிருமுறை வீட்டு முற்றத்திலேயே வண்டியைத் தூக்கிச் சோதித்தல் நலம். காட்டில் முதன்முறை கற்றல் தீது.

5. தலையாய விதி

கைப்பிரேக்கை இழுத்து, எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டையிட்டு, ஆட்களை இறக்கிய பின்னரே தூக்குக. தூக்குதல் வேறு, தாங்குதல் வேறு. ஜாக்கி தூக்குதற்கென்றே அமைந்தது. எண்ணெய் கசியலாம், முளை நழுவலாம், மணல் சரியலாம். இவற்றுள் ஒன்றும் முன்னறிவித்து வாராது. ஆகவே ஜாக்கி மட்டுமே தாங்கி நிற்கும் வண்டியின்கீழ் உடலின் எப்பகுதியையும் நுழைத்தல் ஆகாது. வண்டியின்கீழ் வேலை செய்ய வேண்டின், உறுதியான நிலத்தில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, அவற்றின்மேல் வண்டியை இறக்கிய பின்னரே புகுக. உறுதியான நிலம் இல்லையாயின் புகாதொழிக.

ஆர்க்கிமிடீஸ் கேட்டவற்றுள் நெம்புகோலை நமக்குக் கடைக்காரர் விற்பர். நிற்கும் இடத்தை யாரும் விற்பதில்லை. அதனைக் காலால் மிதித்துப் பார்த்து, பலகையிட்டு, நாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.