மூன்று துறைகளின் சங்கமம்

கேள்வி: கட்டடக் கலையில் பட்டம் பெற்ற என் மகள், கணினியும் நகர நிர்வாகமும் கலந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டுப் பேராசிரியையாக விரும்புகிறாள். இப்படியொரு மார்க்கம் உண்டா?

பதில்: உண்டு. ஆஸ்திரேலியாவில் 1944-இல் பிறந்து கட்டடக் கலை பயின்ற வில்லியம் மிட்செல், 1992-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கட்டடக் கலை, நகரத் திட்டக் கல்லூரியின் தலைமையை ஏற்று, 1995-இல் வெளியிட்ட 'சிட்டி ஆஃப் பிட்ஸ்' என்னும் நூலில் கணினித் தொடர்புகள் நகர வாழ்வை மாற்றுவதை ஆராய்ந்து, பிற்காலத்தில் மடித்து நிறுத்தத்தக்க மின்சாரக் காரையும் மாணவர்களோடு கூடி உருவகித்தார்.

ஆயினும் நிர்வாகம் என்னும் மூன்றாவது அங்கமே கடினமானது என்பது என் திடமான அபிப்பிராயம். பாஸ்டன் நகரில், மேயரின் காரியாலயத்திலேயே 2010-இல் தோன்றிய ஒரு பரிசோதனைப் பிரிவு, ஓடும் காரிலுள்ள கைப்பேசி தன் அதிர்வைக் கொண்டே சாலைக் குழிகளை அறிவிக்கும் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற செயலியை அமைத்தபோது, காரும் விலையுயர்ந்த கைப்பேசியும் உடையோர் வசிக்கும் தெருக்களே முதலில் செப்பனிடப்பட்டு, ஏழைகளின் தெருக்கள் கவனிப்பாரற்றுப் போகுமே என்ற அபாயம் புலப்பட்டது. ஆகவே, நகரெங்கும் சமமாகச் சுற்றும் சாலைப் பரிசோதகர்களிடமே அதை முதலில் அளித்தனர். எத்தகைய நுட்பமான நியாய உணர்ச்சி! இதை எந்தக் கணினிப் பாடமும் தானாகப் புகட்டிவிடாது.

உங்கள் மகள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியைத் தேடுமுன், தம் ஊர் நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தைப் படித்து, ஒரு சாக்கடைப் புகார் எத்தனை மேஜைகளைக் கடந்து தீர்வடைகிறது என்பதை நேரில் அறிந்துகொள்வாராக.