இந்தக் கொம்பு யாருது?

தம்பி,

அக்டோபர் 2 கிராம சபைக்கு நீ செய்த போஸ்டரை எங்கள் ஊர் டீக்கடைச் சுவரில் பார்த்தேன். இரண்டாவது டீயும் சொல்லிவிட்டு நின்று பார்த்தேன். முதலில் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

அந்த முஷ்டி எதற்கு? ஏரியைக் காப்போம் என்றாலும் முஷ்டி, குடிநீர் வேண்டும் என்றாலும் முஷ்டி. உன் வயசுக்காரர்களுக்கு வேறு கையே வரைய வராதா? பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர், "கை போட்டிருக்கே, எந்தக் கட்சிக் கூட்டம்ணே?" என்று என்னைக் கேட்டார். காலை 11 மணி, பள்ளிக்கூடத் திடல் என்ற விவரமோ எறும்பு சைஸில் க்யூஆர் கோடுக்கு அடியில் கிடக்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத்தான் படித்தேன். எத்தனை மணி, எந்த இடம் என்று தெரிந்தால்தானே தம்பி ஆள் வரும்?

அடுத்தது என் பழைய சண்டை. 'சபை', 'வேலை' இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு இழுத்திருக்கிறாய். இங்கிலீஷ் கேபிடல் எழுத்துக்கு அது அழகாக இருக்கலாம். 'சபை'யில் சங்கிலிக் கொம்பு சகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவே, இரண்டு வீட்டுக்கும் பொதுவான திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் லை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி வளைவோடு ஒரே எழுத்தாக ஒட்டிக்கிடக்கும், பிரிக்கவே முடியாது. இப்போது கொம்பு தனியாக நிற்கிறது. அதை அதன் எழுத்தோடு சேர்த்து வைக்கிற பொறுப்பு நம் தலையில்.

இதை நானே ஒரு பாட்டியிடம் குட்டுப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் மும்முரமாக நடந்த காலம், 1991. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுவர் எழுதுகிற வேலை. சுண்ணாம்பு அடித்து, நூல் போட்டு, நீலத்தில் வஜ்ரப் பசை கலந்து எழுதுவோம். ஒரு ஊரில் திமிர் ஏறி, எழுத்தை அகல அகலமாக விரித்து, கொம்புக்கெல்லாம் பூ வைத்து எழுதினேன். சாயங்காலம் வகுப்புக்கு வந்த பாட்டி, காயாத சுவரில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டே வந்தது. கொம்பில் விரல் நின்றுவிட்டது. "இந்தக் கொம்பு யாருது தம்பி? இவனுதா, அவனுதா?" விரல் நுனியெல்லாம் நீலம். மறுநாள் காலையில் சுவர் முழுக்கத் திரும்ப வெள்ளையடித்தேன். சுண்ணாம்புக் காசு என் கையிலிருந்துதான் போனது. உன் போஸ்டரையும் அப்படி விரல் வைத்துப் படிக்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, அந்தக் குடங்கள். பஞ்சாயத்து வரவு செலவைக் குடமாக வரைய உனக்கு எப்படித் தோன்றியது? குடத்துக்கு ஒரு லட்சம். குடிநீருக்கு ஒதுக்கியது ஆறு குடம், செலவானது இரண்டு. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "மிச்சம் நாலு குடம் எங்க போச்சு?" என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருஷம் சுவர் எழுதியிருக்கிறேன், ஒருத்தரையும் அப்படிக் கேட்க வைத்ததில்லை. பொறாமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தக் குடங்களை எடுத்துப் போஸ்டர் முழுக்க வை. முஷ்டி இருந்த இடத்தில் நேரமும் இடமும் வரட்டும்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கு அடுத்த சபை கூடுகிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரதி அனுப்பு. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளையடித்துச் சும்மா கிடக்கிறது. குடங்களை நீ வரை, எழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.