தொலைபேசி வழியாக உளவளத்துணை: தொடங்குமுன் கேட்டறிய வேண்டியவை

வெளிநாட்டிலுள்ள தம்பி காசு அனுப்பி, கொழும்பிலிருக்கும் தனியார் உளவளத்துணையாளர் ஒருவருடன் கிழமைக்கு ஒரு தடவை வட்ஸ்அப்பில் கதைப்பதற்குத் தன் அக்காவுக்கு ஒழுங்கு செய்து கொடுத்தார். அக்கா இடம்பெயர்ந்து வந்து, உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருப்பவர். கணவர் 2009 இல் காணாமற்போனவர். நான்கு கிழமையின் பின் நாம் அவரைச் சந்தித்தபோது, "நல்ல பிள்ளைதான் கதைக்கிறா. ஆனால் நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். ஏன் என்று கேட்டோம். கண்ணால் கிடுகுத் தட்டியைக் காட்டினார். தட்டிக்கு அந்தப் பக்கம் மாமியாரின் கட்டில்.

நான்கு கிழமைக் கட்டணமும் "ஓம், சுகமாயிருக்கிறன்" என்ற பதிலுக்கே போயிற்று. துணையாளரில் பிழை இல்லை, அக்காவிலும் பிழை இல்லை. தொடங்குமுன் கேட்க வேண்டியவற்றை எவரும் கேட்கவில்லை. அவற்றையே இப்பாடத்தில் பார்ப்போம்.

2020 இல் கொரோனா முடக்கத்தின் பின் இம்முறை எமது ஊர்கள் வரை பரவிற்று. பஸ் ஒழுங்காக ஓடாத இடத்தில் இருப்பவருக்கு இது நன்மையே. ஆனால் காசு கொடுத்துத் தொடங்குமுன் ஒன்றை அறிந்திருங்கள். அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கம். அதில் தமிழிலும் கதைக்கலாம். தாலிக்கொடியை அடகு வைத்துத் தனியாரிடம் போக வேண்டியதில்லை. ஒரே ஆளுடன் பல மாதம் தொடர்ந்து கதைக்க வேண்டும், அந்த வசதி அருகில் கிடைக்கவில்லை என்றால் தனியாரைப் பற்றி யோசிக்கலாம்.

விதைநெல் வாங்கும்போது எங்கே விளைந்தது, எந்தப் போகத்து நெல் என்று விசாரியாமல் நாம் வாங்குவதில்லை. இங்கும் விசாரிக்க வெட்கப்பட வேண்டாம். "நீங்கள் வைத்தியரா, உளவியலாளரா, உளவளத்துணையாளரா? எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள்?" என்று கேளுங்கள். வைத்தியரானால் இலங்கை மருத்துவ சபையின் பதிவிலக்கம் இருக்கும். உளவளத்துணையாளர் மருந்து எழுதுபவர் அல்லர். கிளினிக்கில் குளிசை எடுப்பவர்கள் அதை அவருக்குச் சொல்ல வேண்டும். கதைக்கத் தொடங்கியாயிற்று என்று குளிசையைத் தாமாக நிறுத்தக் கூடாது. இக்கேள்விகளுக்குச் சினந்து பதில் சொல்பவரை விட்டுவிடுங்கள். நல்ல துணையாளர் கேட்டதற்குச் சந்தோஷப்படுவார்.

மொழியையும் பாருங்கள். தமிழ் தெரிந்தால் மட்டும் போதாது. "இரவிரவாய் ஒரே யோசினை" என்று எங்கள் ஆட்கள் சொன்னால் அது கவலை. சென்னையிலிருந்து கதைப்பவருக்கு அது ஏதோ திட்டம் போடுவதாகக் கேட்கலாம். நெஞ்சடைப்பு, தலையிடி, கைகால் விறைப்பு என்று உடம்பில் வைத்தே நாம் துன்பத்தைச் சொல்வோம். நலன்புரி நிலையம், நிவாரண அட்டை, மீள்குடியேற்றம் என்ற சொற்களை விளங்கப்படுத்துவதிலேயே அரை மணி நேரம் போகுமானால் அவர் உங்களுக்கு ஏற்றவர் அல்லர். முதல் அழைப்பில் இது தெரிந்துவிடும். வெளிநாட்டில் இருப்பவரானால், தமது நாட்டுக்கு வெளியே உள்ளவர்களைப் பார்க்க அவருக்கு அனுமதி உண்டா என்றும் கேட்க வேண்டும். நேரமும் இடறும். லண்டனில் மாலை 6 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 10.30, மாரியில் 11.30.

இனி இடம். இதுவே எம்மவருக்குப் பெரிய சிக்கல். பெரிய வீட்டில் இருப்பவருக்குக் கதவைச் சாத்தினால் போதும். தறப்பாளுக்கும் தட்டிக்கும் கதவு ஏது? ஆகவே கொட்டிலுக்கு வெளியே தேடுங்கள். பகலில் ஆளில்லாத வாசிகசாலை, முன்பள்ளி மூடிய பின் அதன் பின்கட்டு, கோயில் அலுவலக அறை, கிணற்றடி, வரம்போரத்து மரநிழல் என்று எதுவும் சரிதான். நாம் கண்டவரை தோட்டமே மிக வசதியானது. நான்கு பக்கமும் திறந்தவெளி என்றால் ஆள் வருவது தூரத்திலேயே தெரியும். சிக்னல் எங்கே நிற்கிறது என்று முதல் நாளே நடந்து பாருங்கள். காதில் மாட்டும் இயர்போன் ஒன்று இருந்தால் மறுபக்கக் குரல் வெளியே கேளாது. படம் பார்த்துக் கதைத்தால் டேட்டா பல மடங்கு செலவாகும், கோடும் அறும். குரல் மட்டும் போதும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முகம் காட்டாமல் கதைப்பது சுகம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

யாராவது கிட்ட வந்தால் என்ன செய்வது? ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வையுங்கள். "வெங்காயம் என்ன விலை?" என்று நீங்கள் கேட்டால் துணையாளர் பேச்சை மாற்ற வேண்டும். வீட்டில் அடிப்பவர் ஒருவர் இருந்தால் இது மிக மிக முக்கியம். அப்படியானவர்கள் குடும்பத் தொலைபேசியில் கதைக்காமல் நம்பிக்கையான ஒருவரின் தொலைபேசியைப் பாவிப்பது நல்லது.

காசு விடயம். பெரும்பாலும் ஒரு தடவை 45 நிமிடம் முதல் ஒரு மணி வரை. ஒரு தடவைக்கு எவ்வளவு, முன்பணமா, கோடு அறுந்தால் அந்த நேரம் கணக்கா, மழைக்கு வரமுடியாமற் போனால் கட்டணம் உண்டா என்பவற்றை முதலிலேயே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பத்துத் தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் கழிவு என்பார்கள், கட்ட வேண்டாம். மூன்று தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விதைப்பும் அறுவடையும் நடக்கும் கிழமைகளை முன்னரே சொல்லி வையுங்கள். கட்டணத்தைப் பிள்ளைகளோ சகோதரரோ கட்டினாலும், நீங்கள் கதைத்தது அவர்களுக்குப் போகக் கூடாது. "காசு கட்டுபவருக்கு என்ன சொல்வீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதிவு செய்வாரா, குறிப்பை எங்கே வைப்பார் என்பதையும் கேளுங்கள். எமது மக்கள் இதற்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு.

தூரத்தில் இருப்பவரால் ஓடி வர முடியாது. ஆகவே உங்கள் ஊர், கிட்டிய வைத்தியசாலை, அவசரத்துக்கு அழைக்கக்கூடிய ஒரு அயலவரின் இலக்கம் ஆகியவற்றை முதல் நாளே அவரிடம் கொடுத்து வையுங்கள். இவற்றைக் கேளாமலே தொடங்கும் துணையாளர் கவனமற்றவர். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துபோகிறதென்றால் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பூச்சிநாசினி, களைநாசினிப் போத்தல்களை அன்றே அயலவரிடம் கொடுத்துப் பூட்டி வையுங்கள். உயிருக்கு ஆபத்தானால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். காதில் குரல் கேட்பவர்கள், நாட்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லாதவர்கள், குடியை நிறுத்தி நடுக்கம் கண்டவர்கள் தொலைபேசியோடு நில்லாமல் நேரில் வைத்தியரிடம் போக வேண்டும்.

காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு ஒரு சொல். எல்லாவற்றையும் முதல் நாளில் சொல்ல வேண்டியதில்லை. "இதைப் பற்றி இப்போது வேண்டாம்" என்று சொல்லலாம். அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளும்படி உங்களை அவசரப்படுத்தும் துணையாளர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும், உங்கள் துயரத்தின் தன்மையை விளங்காதவர். திவசம் செய்வதா, காத்திருப்பதா என்பதை அவர் முடிவு செய்ய முடியாது.

அக்கா விடயத்தில், அந்தத் துணையாளரிடமே நிலைமையைச் சொல்லச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. நேரத்தைப் பின்னேரம் நான்கு மணிக்கு மாற்றி, படத்தை நிறுத்தி, குரலில் மட்டும் கதைக்க உடன்பட்டார். இப்போது அக்கா புல்லுக்கு என்று சொல்லிக் கடகத்துடன் வயலுக்குப் போகிறார். மகள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வரம்பின் மறுமுனையில் நிற்கிறாள். முதல் நாள் ஒரு மணி நேரமும் தான் அழுதது மட்டுந்தான் என்றும், வரும்போது மறவாமல் புல்லும் அறுத்து வந்ததாகவும் எம்மிடம் சொன்னார்.