தும்பாக் கடற்கரைத் தேவாலயம்

திருவனந்தபுரத்திற்குச் செல்வோர் பதுமநாப சுவாமி கோயிலைக் கண்டு வணங்குவர். உயிர்க்காட்சிச் சாலையில் அரை நாளைக் கழிப்பர். மாலையில் கோவளம் சென்று, கதிரவன் கடலுள் மறையும் காட்சியைக் கண்டு மகிழ்வர். அத்துடன் நகரைப் பார்த்து முடித்துவிட்டதாக எண்ணி ஊர் திரும்புவர். விண்ணை அறிய மனிதன் செய்த முயற்சியில் பங்கு கொண்ட இரண்டு இடங்கள் அங்கு உள்ளன என்பதைப் பலர் அறியார். ஒன்று நகரின் நடுவே உள்ள சிறு குன்று. மற்றொன்று கடற்கரையில் உள்ள ஒரு கிறித்துவத் தேவாலயம்.

குன்றின் மீது இருப்பது வானாய்வுக் கூடம். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இசைப் பாடல்கள் இயற்றியவர் என்பதை நாம் அறிவோம். வானநூலிலும் அவருக்குப் பெரு விருப்பம் உண்டு. அவர் 1837-ஆம் ஆண்டில் இக்கூடத்தை நிறுவி, ஜான் கால்டிகாட் என்பவரை அதன் தலைவராக்கினார். பின்னர் 1852-இல் ஜான் ஆலன் புரௌன் என்னும் அறிஞர் அப்பொறுப்பை ஏற்றார். இவர் பூமியின் காந்த ஆற்றலை ஆராய்வதில் ஊக்கம் மிக்கவர். சமவெளியில் எடுத்த அளவுகளை மலையுச்சியில் எடுத்தவற்றுடன் ஒப்பிட வேண்டும் என்று கருதி, அடர்ந்த காட்டைக் கடந்து அகத்திய மலையிலும் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். தமிழ் முனிவர் வாழ்ந்ததாக நம் முன்னோர் போற்றிய பொதிய மலையே அது.

காந்தத்தை ஆராயத் திருவனந்தபுரம் ஏற்ற இடமானது எவ்வாறு? மேலும் கீழும் சாயுமாறு ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டால், வட நாடுகளில் அதன் வட முனை கீழ்நோக்கிச் சாயும். தென் நாடுகளில் அதன் தென் முனை சாயும். எப்பக்கமும் சாயாது ஊசி கிடையாக நிற்கும் இடங்களை இணைத்துக் கோடு ஒன்று வரைந்தால் அதுவே காந்த நடுக்கோடு. நிலநடுக்கோட்டைப் போல அது நிலைத்து நிற்பதன்று. காலப்போக்கில் மெல்ல இடம் பெயரும் இயல்புடையது. அக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடியைக் கடந்து செல்கின்றது.

இக்கோட்டிற்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் மிகுந்த மின்னோட்டம் நிகழ்கின்றது. அதனை அருகிருந்து அளப்பது எளிதன்று. பலூன்கள் அவ்வளவு உயரம் செல்லமாட்டா. துணைக்கோள்களோ அவ்வளவு தாழ்ந்து நிலைத்துச் சுற்றமாட்டா. இராக்கெட்டு ஒன்றே அங்குச் சென்று வரவல்லது. ஆகவே, இந்திய விண்வெளி ஆய்வின் தந்தையாகிய டாக்டர் விக்கிரம் சாராபாய், காந்த நடுக்கோட்டின் அருகே கடலோரமாக ஓர் இடம் தேடினார். அவர் தெரிந்தெடுத்தது, நகருக்கு வடமேற்கே உள்ள தும்பா என்னும் மீனவர் சிற்றூர். போருக்குச் சென்ற பண்டைத் தமிழ் வீரர் சூடிய தும்பைச் செடியின் பெயரே அவ்வூருக்கும் அமைந்தது.

ஆனால் அவ்விடம் வெறும் மணற்பரப்பு அன்று. மீனவர்களின் குடில்கள் அங்கே இருந்தன. அவர்களுடைய பிள்ளைகள் பயிலும் பள்ளி இருந்தது. அவர்கள் வழிபடும் புனித மகதலா மரியாள் தேவாலயம் இருந்தது. கடலை நம்பி வாழ்வோர்க்குக் கரையே சொத்து. அதனை விட்டு நீங்குமாறு அவர்களைக் கேட்பது யார்? சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைக் கண்டு தம் வேண்டுகோளைத் தெரிவித்தார். ஆயர் உடனே விடை கூறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்கு வருமாறு அழைத்தார். அன்று மக்கள் முன்னிலையில், இவ்வறிஞர் நம் கோயிலையும் நான் வாழும் இல்லத்தையும் கேட்கிறார் என்று எடுத்துரைத்து, அவர்களுடைய இசைவை வேண்டினார். சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர்க் கோயில் முழுவதும் 'ஆமென்' என்னும் ஒலி எழுந்தது. இச்செய்தியை டாக்டர் அப்துல் கலாம் எழுதியுள்ளார். மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். அவர்களுக்குப் புதிய கோயிலும் பள்ளியும் எழுந்தன. ஒரு வார்த்தையால் இசைந்துவிட்டு, பழகிய கரையைப் பிரிந்து சென்ற அவர்களுடைய பெயர்கள் நூல்களில் இல்லை.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அப்போது அங்கே பணியாற்றிய இளம் பொறியாளர்களுள் ஒருவர். வழிபாட்டு அறை அவருடைய ஆய்வுக்கூடமாயிற்று. ஆயரின் அறை வரைபடங்கள் தீட்டும் இடமாயிற்று. இராக்கெட்டின் முகப்புக் கூம்பை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் நிழற்படத்தைப் பலர் பார்த்திருப்பர். அது அந்நாளைய தும்பாவில் எடுத்ததே.

முதல் இராக்கெட்டு 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலையில் ஏவப்பட்டது. 'நைக்கி அப்பாச்சி' என்னும் அதனை அளித்தது அமெரிக்கா. அதனுள் இருந்த சோடிய ஆவிக் கருவி பிரான்சு நாட்டினது. தேவாலயத்தில் பொருத்தி முடித்த இராக்கெட்டை ஏவுதளத்தில் ஏற்றும்போது, பாரந்தூக்கியில் கசிவு ஏற்பட்டு இராக்கெட்டு சாயத் தொடங்கியது. குறித்த நேரமோ நெருங்கிவிட்டது. பழுது பார்க்க வழியில்லை. அங்கிருந்தோர் ஒன்றுகூடித் தம் கைவலியாலேயே அதனைத் தூக்கி நிறுத்தினர். இராக்கெட்டு பழுதின்றி மேலெழுந்தது. நிலத்தில் இருள் கவியும் அந்நேரத்திலும் உயரத்தில் கதிரவன் ஒளி இருந்தமையால், வெளிப்பட்ட சோடிய ஆவி செம்மஞ்சள் நிற மேகமாகச் சுடர்விட்டது. அது காற்றில் நகர்ந்த வகையைக் கொண்டு மேல்வானத்துக் காற்றின் வேகத்தைக் கணித்தனர்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1967 நவம்பர் 20-இல், இந்தியாவிலேயே செய்த 'ரோகிணி 75' அங்கிருந்து எழுந்தது. அதன் விட்டம் 75 மில்லிமீட்டரே. சிரிக்கத்தக்க அளவுதான், ஆயினும் அது நாம் செய்தது. 1968 பிப்ரவரி 2-இல் பிரதமர் இந்திரா காந்தி இந்நிலையத்தை ஐக்கிய நாடுகளுக்கு அர்ப்பணித்தார். சாராபாய் 1971 டிசம்பர் 30-இல், தும்பாவிற்கு வந்திருந்த காலத்தில், கோவளத்தில் தங்கிய விடுதியிலேயே காலமானார். கோவளத்துக்குச் சுற்றுலா செல்வோரிடம் இதனைக் கூறுவார் அரியர்.

தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பாதுகாப்புப் பகுதியுள் இருப்பதால் அடையாளச் சான்றைக் காட்டியே உள்ளே செல்லல் வேண்டும். கட்டடத்தை இடிக்கவில்லை. முன்னர் மீனவர்கள் மண்டியிட்டு வேண்டிய கூரையின் கீழ், இராக்கெட்டுகளின் மாதிரிகள் வரிசையாக நிற்கின்றன. வெளியே, சற்றுத் தொலைவில், அதே கடல் அலை எறிந்துகொண்டிருக்கின்றது.